எருக்கம்பூவும் வெந்தய வரியனும்

(தொண்டூரில் இளைஞர்களும் மகளிர் குழுவினரும் சேர்ந்து நடத்திய மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



"பூவும் பட்டாம்பூச்சியும்: டாட்டூவுக்கு ஏற்ற வடிவங்களும் அவற்றின் பொருளும்." இதுதான் நீங்கள் எனக்குக் கொடுத்த தலைப்பு. முன்வரிசையில் இருக்கிற ஆயாமார்கள் இதைக் கேட்டுச் சிரித்தீர்கள். சிரிக்க உங்களுக்கு உரிமை உண்டு. உங்களில் பாதிப் பேர் கையில் அறுபது எழுபது வருஷமாகப் பச்சை இருக்கிறது. பேரப்பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து, குளிர்சாதன அறையில் படுத்துக்கொண்டு குத்திக்கொள்வதை, நீங்கள் திண்ணையில் உட்கார்ந்து ஒரு படி அரிசிக்குக் குத்திக்கொண்டீர்கள். ஆகவே இன்று நான் பேசப்போவது இளைஞர்களிடம் என்றாலும், சாட்சிகள் முன்வரிசையில் இருக்கிறார்கள்.

நம் வட்டாரத்துச் செஞ்சிக்கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் ஏறிவிட்டது. மராட்டியர் படைத்தளங்கள் என்று பன்னிரண்டு கோட்டைகளைச் சேர்த்து அறிவித்ததில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது இது ஒன்றுதான். இனி வெளியூர்க் கூட்டம் கூடும். கூட்டம் வரும் இடத்துக்கு டாட்டூக் கடையும் வரும். கடை வந்தால் வடிவப் புத்தகமும் வரும். எனக்கு வழக்கு அந்தப் புத்தகத்தோடுதான்.

அதைப் புரட்டிப் பாருங்கள், அல்லது செல்போனில் தேடிப் பாருங்கள். ரோஜா என்றால் காதல். தாமரை என்றால் தூய்மை. லில்லி என்றால் மென்மை. செர்ரிப் பூ என்றால் நிலையாமை. பட்டாம்பூச்சி என்றால் மாற்றம், விடுதலை, மறுபிறப்பு. பூவின் மேல் பட்டாம்பூச்சி உட்கார்ந்தால் இரண்டையும் கூட்டிக்கொள்ள வேண்டியது. டோக்கியோவில் இருப்பவருக்கும் திண்டிவனத்தில் இருப்பவருக்கும் ஒரே பொருள். செர்ரிப் பூவை நம்மில் எத்தனை பேர் கண்ணால் பார்த்திருக்கிறோம்? பார்க்காத பூ உதிர்வதைக் கண்டு நிலையாமையை உணர்வது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை.

ஆனால் பட்டாம்பூச்சி விஷயத்தில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த வடிவத்துக்குப் பின்னால் சில சமயம் பெரிய வலி இருக்கிறது. லூபஸ் என்று ஒரு நோய். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும். அது வந்தவர்களில் பலருக்கு மூக்கின் இரண்டு பக்கமும் கன்னத்தில் சிவந்த தடிப்பு விழும், பார்த்தால் இறக்கை விரித்த பட்டாம்பூச்சி மாதிரியே இருக்கும். அதனால் அந்த நோயாளிகள் பட்டாம்பூச்சியைத் தங்கள் அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். தைராய்டு சுரப்பியும் கழுத்தில் அதே வடிவத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. வெளிநாடுகளில் கருவிலோ பிறந்த உடனேயோ குழந்தையை இழந்த தாய்மார்கள் சின்னதாக ஒன்றைக் குத்திக்கொள்கிறார்கள். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்ட பெண்கள் அந்தத் தழும்பின் மேல் பூங்கொடி வரைந்துகொள்கிறார்கள். கையைத் தாங்களே கீறிக்கொண்ட காலத்தைத் தாண்டி வந்தவர்கள், அந்தக் கோடுகளுக்கு மேல் இறக்கை வரைந்துகொள்கிறார்கள். அதனால் யாராவது ஒரு பெண்ணின் மணிக்கட்டில் பட்டாம்பூச்சியைப் பார்த்து "என்னம்மா ஃபேஷனா?" என்று கேட்பதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள். புத்தகத்தில் போட்டிருக்கிற பொருள் அவளுடையது அல்ல. அவளுக்கு வேறு கணக்கு இருக்கும்.

சரி, நம் ஊர்க் கணக்குக்கு வருவோம்.

எட்கர் தர்ஸ்டன் என்றொரு வெள்ளைக்காரர், 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர். தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி ரங்காச்சாரியாரின் துணையோடு 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். மனிதர்களின் மூக்கையும் மண்டையையும் அளந்துகொண்டு திரிந்தவர் என்பதால் அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை இல்லை. ஆனாலும் பார்த்ததை விடாமல் குறித்துவைத்தார், அது நமக்கு உதவுகிறது. பச்சை குத்தும் குறத்திகள் மை எப்படிச் செய்தார்கள் என்று எழுதியிருக்கிறார். மஞ்சள்தூளையும் அகத்திக்கீரையையும் சேர்த்து அரைத்து, மெல்லிய துணியில் தடவி, அதைத் திரியாகச் சுருட்டுவார்கள். மண் அகலில் ஆமணக்கெண்ணெய் ஊற்றி அந்தத் திரியை ஏற்றுவார்கள். மேலே ஒரு புதுச் சட்டியைக் கவிழ்த்துவிட வேண்டும். சட்டியின் உட்புறம் படிகிற கரியை வழித்தெடுத்து, தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்தால் மை. சின்னக் குச்சியை மையில் தோய்த்துத் தோலின் மேல் முதலில் வடிவத்தை எழுதிக்கொள்வது, பிறகு ஊசிகளைச் சேர்த்துக் கட்டிப் புள்ளி புள்ளியாகக் குத்துவது. வலி தெரியாமல் இருக்கப் பாட்டும் உண்டு. பட்டணத்தில் ஒரு புள்ளிக்கோ கோட்டுக்கோ காலணா என்றும், பெரிய வேலைப்பாடு என்றால் பன்னிரண்டு அணா வரை என்றும் கூலிக்கணக்குக்கூட எழுதியிருக்கிறார். கிராமத்தில் அரிசி, வாழைப்பழம், வெற்றிலை பாக்கு.

அந்த அகத்திக்கீரைக்கு வேலை என்ன என்று கேட்காதீர்கள். கரியாகிப்போன பிறகு அகத்தியும் ஒன்றுதான், ஆமணக்கும் ஒன்றுதான். எஞ்சுவது கரி. கறுப்புக் கரி.

கறுப்பு மை எப்படிப் பச்சையாகத் தெரிகிறது? ஊசி மையைத் தோலின் மேல்பரப்பில் விடுவதில்லை. அது தினம் உதிர்ந்துபோகிற பகுதி. அதற்குக் கீழே இருக்கிற இரண்டாம் அடுக்கில் கொண்டுபோய் விடுகிறது. மேலே விழுகிற வெளிச்சத்தில் சிவப்புப் பங்கு ஆழம்வரை போய் அந்தக் கரியில் சிக்கி மடிந்துவிடும். நீலப் பங்கு அவ்வளவு தூரம் போகாது, நடுவிலேயே சிதறித் திரும்பி வந்துவிடும். திரும்பி வருகிற நீலம் நம் தோலின் மஞ்சள் பழுப்பைக் கடந்து வரும்போது பச்சையாகிவிடுகிறது. தோல் நிறம் மாறினால் இந்தப் பச்சையும் மாறும், வெள்ளைக்காரர் உடம்பில் அதே மை கருநீலமாகத் தெரியும். ஆயா கையில் இருக்கிற பச்சைக்குச் சாயமே கிடையாது. பாதி மை செய்தது, பாதி அவருடைய தோல் செய்தது.

பட்டாம்பூச்சியிலும் இந்த வித்தை உண்டு. தென்னமெரிக்காவில் மார்ஃபோ என்று ஒரு பட்டாம்பூச்சி. கண் கூசுகிற நீலம். அதன் இறக்கையில் நீலச் சாயம் என்று ஒன்று இல்லை. இறக்கைச் செதில்களில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய அடுக்குகள் இருக்கின்றன, அவை வெளிச்சத்தின் நீலத்தை மட்டும் வலுவாகத் திருப்பி அனுப்புகின்றன. நடக்கிற விதம் வேறு. ஆனால் இரண்டு இடத்திலும் நிறத்தை உண்டாக்குவது வெளிச்சம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உடம்பில் எல்லாம் மாறிக்கொண்டே இருக்கும்போது பச்சை மட்டும் ஏன் போவதில்லை? உள்ளே போன மைத்துகளை அந்நியப் பொருள் என்று நினைத்து நம் உடம்பின் காவல் செல்கள் விழுங்குகின்றன. விழுங்கிய கரியைச் செரிக்க முடியாது. வைத்துக்கொண்டே வாழ்ந்து சாகின்றன. செத்தவுடன் வெளியே வருகிற கரியைப் பக்கத்தில் புதிதாக வந்த செல் விழுங்கிக்கொள்கிறது. பிரான்சில் மார்சேய் நகரத்து ஆய்வாளர்கள் எலிகளை வைத்து இதைக் காட்டி 2018இல் எழுதினார்கள். ஒரு பூவைக் குத்தி விட்டுவிட்டால், அதைத் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றிக் கொடுக்கிற வேலை உங்கள் தோலுக்குள் நடந்துகொண்டே இருக்கிறது. சொத்து நகை எல்லாம் இங்கேயே நிற்கும், செத்தால் கூட வருவது பச்சை மட்டும்தான் என்று நம் பாட்டிகள் சொன்னார்களே, அவர்கள் செல்லைப் பார்க்காமலேயே பாதி தூரம் வந்துவிட்டார்கள்.

அவர்கள் என்ன வடிவம் குத்திக்கொண்டார்கள்? தேள், மீன், மயில், சூரிய சந்திரர், பேர், புள்ளி வரிசை. முக்கியமாகக் கோலம். கம்பிக்கோலம், சிக்குக்கோலம் என்கிறோமே, தொடங்கிய இடமும் முடிகிற இடமும் தெரியாமல் புள்ளிகளைச் சுற்றிக்கொண்டு ஓடும் கோடு, அது அப்படியே கையில் ஏறியது. ஜான் லேயார்டு என்ற மானிடவியலாளர் 1937இல் தென்னிந்திய வாசற்கோலங்களையும் பச்சைக் கோலங்களையும் பக்கத்தில் வைத்து ஒரு கட்டுரையே எழுதினார். வாசலைக் காக்கிற கோடு உடம்பையும் காக்கும் என்பது அவற்றின் உள்ளர்த்தம் என்று படித்தவர்கள் சொல்வார்கள். என் எண்ணம் வேறு. கைக்குப் பழகிய வடிவம் அதுதான், அதனால் அதைக் குத்தினார்கள். பொருள் பின்னால் வந்து சேர்ந்துகொண்டது. வீட்டுக்கு வீடு கோல நோட்டு வைத்திருக்கிறீர்கள். மார்கழி பிறந்தால் தங்கைகள் அதை எடுத்துப் புரட்டுவீர்கள். அதில் தாமரைக் கோலம் இருக்கிறது, பூசணிப்பூக் கோலம் இருக்கிறது, பட்டாம்பூச்சிக் கோலம் இல்லாத நோட்டு இருக்கிறதா? பூவும் பட்டாம்பூச்சியும் உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும்போது அமெரிக்காவில் போய்த் தேடுவானேன்?

பூவை உடம்பில் எழுதிக்கொள்வது நேற்றைக்கு வந்த பழக்கமும் இல்லை. எகிப்தில் தேய்ர் எல் மெதினா என்ற ஊரில் கிடைத்த, மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பெண்ணின் பதனிட்ட உடல். அதில் முப்பதுக்கும் மேற்பட்ட பச்சைகள் இருக்கின்றன என்று 2016இல் தெரியவந்தது. இடுப்பின் இரண்டு பக்கமும் தாமரை. அதே எகிப்தில் லக்சோர் கல்லறை ஒன்றின் சுவரோவியத்தில், சுமார் 3500 ஆண்டுகளுக்கு முன் வரைந்தது, ஒரு பட்டாம்பூச்சி இருக்கிறது. இன்ன இனம் என்று அடையாளம் சொல்லக்கூடிய மிகப் பழைய பட்டாம்பூச்சிப் படங்களில் ஒன்று அது. அந்த இனம் எது தெரியுமா? நாளைக் காலை வெயில் ஏறியதும் உங்கள் ஊர் எருக்கஞ்செடி மேல் மெதுவாகப் பறந்துகொண்டிருக்கும். வெந்தய வரியன்.

இதைத்தான் நான் இன்றைக்குச் சொல்ல வந்தேன். செஞ்சிக்காரர் ஒருவர் பூவும் பட்டாம்பூச்சியும் குத்திக்கொள்ள வேண்டுமென்றால் அது எருக்கம்பூவும் வெந்தய வரியனும்தான் என்பது என் கட்சி.

முகத்தைச் சுளிக்கிறீர்கள். எருக்கா? வீடு பாழானால் எருக்கு முளைக்கும் என்று சபிக்கிற செடியா? இருக்கட்டும். நாளைக்கு ஒரு பூவைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். ஐந்து இதழ். வெள்ளை, அல்லது நுனியில் ஊதா ஏறிய சாம்பல் வெள்ளை. மெழுகில் வார்த்த மாதிரி தடிப்பு. நடுவில் ஐந்து மடிப்புள்ள ஒரு சின்ன மகுடம் நிமிர்ந்து நிற்கும், அதன் உச்சி ஐங்கோணமாகத் தட்டையாக இருக்கும். சின்ன வயதில் மொட்டை விரலில் அழுத்தி 'பட்' என்று வெடிக்கவிட்டவர்கள் நாம் எல்லாரும். அப்போது கையில் ஒட்டிய பால் கண்ணில் படக்கூடாது என்று அம்மா அதட்டினாள், ஏனென்றால் அது நஞ்சு. ஆடு மாடு அதைத் தொடாது. அதனால்தான் தரிசு முழுக்க அது மட்டும் செழித்து நிற்கிறது. வரைகிறவனுக்கு இதைவிட நல்ல பூ கிடையாது. ஐந்து கூர்முனை, நடுவில் ஒரு மகுடம், தெளிவான ஓரம். நூறு இதழ் ரோஜாவைச் சின்ன அளவில் குத்தினால் பத்து வருஷத்தில் கறுப்புக் களிம்பாகிவிடும். எருக்கம்பூ எருக்கம்பூவாகவே இருக்கும்.

இப்போது பட்டாம்பூச்சி. பெண் பூச்சி இலையின் அடியில் ஒவ்வொரு முட்டையாக வைக்கும். வெளியே வருகிற புழு கறுப்பு வெள்ளை வரியும் மஞ்சள் புள்ளியுமாகப் பளிச்சென்று இருக்கும். ஒளிந்துகொள்ள முயல்வதே இல்லை. ஆடு தொடாத அந்த நஞ்சு இலையைத் தின்று நஞ்சைத் தன் உடம்பிலேயே சேர்த்து வைத்துக்கொள்கிறது. பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ கூட்டுப்புழுவாகித் தொங்கி, பிறகு வெந்தய நிறத்தில் இறக்கை விரிக்கும்போதும் அந்த நஞ்சு கூடவே வருகிறது. அறியாமல் கொத்திய குருவி குமட்டித் துப்பும். அடுத்த முறை அந்த நிறத்தைக் கண்டாலே விலகிப்போகும். அதனால்தான் வெந்தய வரியன் அவசரப்பட்டுப் பறப்பதில்லை, தனக்குச் சொந்தமான வயலில் நடக்கிற மிராசுதார் போலப் போகும். இறக்கை நுனியில் கறுப்பு, கறுப்புக்குள் வெள்ளைப் புள்ளிகள். இந்தச் சட்டைக்கு இவ்வளவு மரியாதை இருப்பதைப் பார்த்து, நஞ்சே இல்லாத வேறொரு இனத்தின் பெண் பூச்சி அச்சாக இதே நிறத்தில் வேஷம் போட்டுக்கொண்டு திரிகிறது. அந்த இனத்தின் ஆண் கறுப்பு, பெரிய வெள்ளைப் புள்ளிகளோடு. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கணவன் மனைவி என்று யாரும் நம்பமாட்டார்கள்.

வடிவப் புத்தகம் பட்டாம்பூச்சிக்குச் சொல்கிற பொருள், புழு அழிந்து அழகாக மாறியது என்பது. வெந்தய வரியன் வேறு கதை சொல்கிறது. புழுவாக இருந்தபோது தின்ற கசப்பைத் தூக்கிப்போடவில்லை. அதுதான் வளர்ந்த பிறகும் அதற்குக் காவல். நம் ஊர்ப் பெண் ஒருத்தி இதைக் கையில் எழுதிக்கொண்டால், அதற்கு என்ன பொருள் என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

எருக்குக்கும் தமிழில் பெரிய கதை இருக்கிறது. பிள்ளையாருக்கு மாலை, ரத சப்தமிக் குளியலுக்குத் தலையில் இலை, இவை உங்களுக்குத் தெரியும். சங்க காலத்தில் காதலித்தவளைக் கொடுக்க மறுத்தால் இளைஞன் மடலேறுவேன் என்பான். பனைமடலில் குதிரை செய்து, எருக்கம்பூ மாலை போட்டுக்கொண்டு, அவள் உருவத்தைப் படமாக எழுதிக் கையில் பிடித்து, ஊர் நடுத்தெருவில் வருவது. மானம் போனாலும் பரவாயில்லை என்று ஊருக்கே அறிவிக்கிறான். பெரும்பாலும் ஏறுவேன் என்று மிரட்டுவதோடு சரி. காதலியின் பேரைக் கையில் குத்திக்கொண்டு வீட்டில் முழுக்கைச் சட்டை போட்டு மறைக்கிற தம்பிகள் இந்த மரபில் வந்தவர்களே. பெண் மடலேறுவது இல்லை என்பது அன்றைய இலக்கணம். திருமங்கையாழ்வார் அதை உடைத்தார். பெருமாளை நினைத்துத் தன்னைப் பெண்ணாக்கிக்கொண்டு மடலேறுவேன் என்று சிறிய திருமடல், பெரிய திருமடல் என்று இரண்டு பாடிவிட்டார். உங்கள் ஊர் விண்ணாம்பாறையில் பள்ளிகொண்டிருக்கிறாரே, அதே பெருமாளுக்குத்தான். ஆக, எருக்கம்பூ என்றால் வெட்கத்தை விட்ட காதல். ரோஜாவுக்கு இந்தத் துணிச்சல் வராது.

வேறு பூக்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். செங்காந்தள் நம் மாநில மலர். தீக்கொழுந்து மாதிரி மேல்நோக்கி வளைந்த இதழ், கீழே பச்சையும் மஞ்சளும், மேலே சிவப்பு. வளைகிற பூ ஆதலால் முன்கையில் அழகாக உட்காரும். கிழங்கு கொடிய நஞ்சு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தும்பை போருக்கு உரிய பூ, இரண்டு வேந்தர் நேருக்கு நேர் மோதும்போது சூடியது. ராணுவத்துக்குப் போக ஆசைப்படுகிற தம்பிகளுக்கு ஏற்றது, அதற்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது, பிறகு சொல்கிறேன். தாமரை தூய்மை என்று புத்தகம் சொல்கிறது. இந்தச் செஞ்சி வட்டாரத்தில் அதற்கு வேறு உபயோகமும் உண்டு. சமணத்தில் ஆறாம் தீர்த்தங்கரர் பத்மபிரபருக்குத் தாமரைதான் அடையாளம். திருநாதர்குன்றில் வரிசைக்குப் பன்னிரண்டாக இருபத்து நான்கு தீர்த்தங்கரர்கள் பாறையில் உட்கார்ந்திருக்கிறார்களே, எல்லாரும் ஒரே சாயல். இன்னார் இவர் என்று தெரிந்துகொள்ள ஆளுக்கொரு குறி வைத்தது அந்தச் சமயம். பச்சை குத்துவதன் மூலக் காரணமும் அதுதானே?

பட்டாம்பூச்சிகளில் தமிழ் மறவனை 2019இல் மாநிலப் பட்டாம்பூச்சியாக அரசு அறிவித்தது. ஆரஞ்சுப் பழுப்பு நிறம், கறுத்த ஓரம். சென்னை இளைஞர்கள் சிலர் பெயருக்காகவே குத்திக்கொள்ள ஆசைப்படுகிறார்கள். தப்பில்லை. ஆனால் அது மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுவாசி, மரவெட்டி மரத்தில் புழு வளர்வது. செஞ்சி வெயிலில் அதை எதிர்பார்க்க முடியாது. பார்த்துப் பழகியதைக் குத்துங்கள் என்பது என் கட்சி என்பதால் நான் அதற்கு ஓட்டுப் போடமாட்டேன். ஓட்டு என்றதும் ஞாபகம் வருகிறது: கட்சிக்கொடியையும் சின்னத்தையும் தலைவர் முகத்தையும் கையில் குத்திக்கொண்ட தலைமுறையும் நம்முடையதுதான். கட்சி உடையும், கூட்டணி மாறும். எருக்கு கட்சி மாறாது.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். இன்றைக்குக் கடையில் இருப்பது மின்சார ஊசி. எடிசன் 1875இல் காகிதத்தில் துளை போட்டுப் படியெடுக்க ஒரு மின்பேனா செய்தார். அதே வழியில் போய் நியூயார்க்கில் சாமுவேல் ஓ'ரெய்லி 1891இல் பச்சை குத்தும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். மேல்மலையனூர் அமாவாசை மாதிரிக் கூட்டம் கூடுகிற இடங்களில் தெருவோரம் பேட்டரியில் 'டிர்ர்' என்று ஓடுகிற இயந்திரத்துக்கும் கொள்ளுத்தாத்தா அதுதான். இயந்திரத்தால் வேகம் வந்தது, ஆபத்தும் கூடவே வந்தது. ஒரே ஊசி, ஒரே மைக்கிண்ணம், வரிசையாக இருபது பேர். மஞ்சள் காமாலை பி, சி இரண்டும், எச்.ஐ.வி.யும் ரத்தம் பட்ட ஊசி வழியாகப் பரவும். ஊசி உறை உங்கள் கண்ணெதிரே பிரிக்கப்பட வேண்டும். மை உங்களுக்கென்று தனியாக ஒரு சின்ன மூடியில் ஊற்றப்பட வேண்டும், மிச்சம் குப்பைக்குப் போக வேண்டும். கையுறை போட்ட கையால் செல்போனை எடுத்துப் பேசிவிட்டு அதே கையால் குத்த வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். அந்த ஊசி ஏறிய நாளிலிருந்து ஓராண்டு ரத்ததானம் செய்ய முடியாது, முகாமில் திருப்பி அனுப்புவார்கள். அதுவும் இதே காரணத்தால்தான்.

நிறம் பற்றி. பட்டாம்பூச்சிக்கு நீலமும் இலைக்குப் பச்சையும் கேட்பீர்கள். டாட்டூ மைகளில் சேர்கிற ஆயிரக்கணக்கான ரசாயனங்களுக்கு 2022 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் கட்டுப்பாடு விதித்தது. மிக அதிகமாகப் பயன்பட்ட ஒரு நீலத்துக்கும் ஒரு பச்சைக்கும் 2023இல் தடை வந்தது. நம் ஊரில் குப்பியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க ஆளில்லை. தவிர நம் தோலின் நிறத்தில் மஞ்சளும் வெள்ளையும் வெளிர்நீலமும் சில வருஷத்திலேயே மங்கி, தேமல் மாதிரி ஆகிவிடும். பின்னால் லேசர் வைத்து அழிக்க நினைத்தாலும் கறுப்பு மை சீக்கிரம் போகும், பச்சையும் மஞ்சளும் அடம்பிடிக்கும். கறுப்பிலேயே குத்துங்கள். வெந்தய வரியனின் வெந்தய நிறத்துக்கு மை வேண்டாம், உங்கள் தோலே அந்த நிறம். இறக்கை ஓரத்தைக் கறுப்பில் நிரப்பி, வெள்ளைப் புள்ளி இருக்கும் இடங்களைக் குத்தாமல் விட்டுவிட்டால் போதும். கோடுகளுக்கு நடுவே இடம் விடச் சொல்லுங்கள். மை வருஷா வருஷம் கொஞ்சம் பரவும், இன்று மயிரிழையாக இருக்கிற கோடு நாளைக்கு நூலாகும். இறக்கை இரண்டும் சமமாக இருக்க வேண்டிய வடிவத்தை மணிக்கட்டு மடிப்பில் வைத்தால் கையைத் திருப்பும் போதெல்லாம் ஒரு இறக்கை கோணும். பக்கவாட்டில் மூடிய இறக்கையோடு உட்கார்ந்திருப்பதாக எழுதச் சொன்னால் அந்தத் தொல்லை இல்லை.

தும்பைக்கு நிபந்தனை சொன்னேனே. ராணுவத்தில் சேர்கிறவர்களுக்குப் பச்சை இருக்கக்கூடிய இடம் முன்கையின் உட்புறமும் புறங்கையும்தான், பழங்குடியினருக்கு மட்டும் விலக்கு. மத்திய ஆயுதக் காவல் படைகளில் அந்த முன்கையும் இடதாக இருக்க வேண்டும். வலது கை சல்யூட் அடிக்கிற கை. அளவு அந்த உறுப்பின் நான்கில் ஒரு பங்குக்குள் அடங்க வேண்டும். என்ன வடிவம் என்பதற்கும் விதி இருக்கிறது. ஓட்டப் பயிற்சிக்குப் போகிற தம்பிகள் அறிவிப்பைப் படித்துவிட்டு, சேர்ந்த பிறகே குத்திக்கொள்வது உத்தமம். தும்பை எங்கும் ஓடிவிடாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் மலையில் சமணப் படுக்கைகள் இருக்கிற குகையில் ஒரு தமிழ் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. கி.பி. மூன்றாம் நூற்றாண்டை ஒட்டியது என்று கணிக்கிறார்கள். அதில் இன்னார் சொல்ல, இன்னார் இந்த இருப்பிடத்தைச் செய்தார் என்று இருவர் பேரும் இருக்கின்றன. பக்கத்து அகலூரின் பேரும் இருக்கிறது. சொன்னவனை மட்டும் எழுதிவிட்டு, செய்தவனை விட்டுவிடவில்லை. ஆனால் இந்த வட்டாரம் முழுக்கப் பெண்களின் கைகளில் ஆயிரக்கணக்கில் குத்திய குறத்திகளில் ஒருவர் பேரும் எந்த ஏட்டிலும் இல்லை. தர்ஸ்டன் கூலியை எழுதினார், ஆளை எழுதவில்லை.

அந்தப் பேர்கள் இன்னும் முன்வரிசையில் இருக்கிறவர்கள் ஞாபகத்தில் இருக்கும். தங்கைகளே, உங்கள் செல்போன் கேமராவுக்கு ஒரு வேலை தருகிறேன். ஆயாவிடம் அனுமதி கேட்டுக் கையைப் பகல் வெளிச்சத்தில் படமெடுங்கள், பக்கத்தில் அளவுக்கு ஒரு ரூபாய்க் காசு வையுங்கள். அந்த வடிவத்தைக் கோல நோட்டின் கடைசிப் பக்கங்களில் புள்ளி வைத்து வரையுங்கள். கீழே நான்கு விஷயம் எழுதுங்கள்: எந்த வயதில் குத்தியது, என்ன கொடுத்தார்கள், குத்திய அம்மாவின் பேர் என்ன, எந்த ஊரிலிருந்து வந்தார். பேர் தெரியாவிட்டால் "வருஷா வருஷம் தை மாதம் வருவாளே, மூக்குத்தி போட்ட ஒருத்தி" என்று ஆயா சொல்கிறபடியே எழுதுங்கள். டாட்டூக் கடைக்காரர் வடிவப் புத்தகத்தை நீட்டும்போது நீங்கள் உங்கள் நோட்டை நீட்டலாம்.

நேரம் ஆகிவிட்டது, கடைசி பேருந்துக்குப் போக வேண்டியவர்கள் இருக்கிறார்கள். கேள்வி இருந்தால் கேளுங்கள். முதல் கேள்வி முன்வரிசையிலிருந்து வரட்டும்.